கிணற்றுக்குள் ஒளிரும் எண்ணெய்: புற ஊதா விளக்கு சொல்வதும் சொல்லாததும்

‘எண்ணெய்க்கான அறிகுறி கிடைத்திருக்கிறது’ என்று முதல் பக்கத்தில் ஒரு செய்தி வரும். சில மாதங்கள் கழித்து அதே கிணறு மூடப்பட்டது என்று உள்பக்க மூலையில் நான்கு வரிச் செய்தி வரும். இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்கவேண்டும் என்று படிப்பவருக்குத் தோன்றும். பெரும்பாலும் இரண்டுமே உண்மை. அறிகுறி இருந்தது. ஆனால் அந்த அறிகுறி எவ்வளவு சொல்லத் தகுந்ததோ அதைவிட அதிகமான பொருளை நாம் அதற்குக் கொடுத்துவிட்டோம்.

எண்ணெய்க் கிணறு துளையிடும் ரிக் என்ற துரப்பண மேடையில் கிடைக்கும் அறிகுறிகளில் மிகப் பழையதும் மலிவானதும் ஒன்று உண்டு. கிணற்றிலிருந்து வரும் பாறைத் துகளை இருட்டுப் பெட்டிக்குள் வைத்துப் புற ஊதா விளக்கைப் போடுவதுதான் அது. எண்ணெய் இருந்தால் துகள் ஒளிரும். கிணற்றின் அடியில் பல ஆயிரம் அடி ஆழத்தில் இறங்கி அளக்கும் இன்றைய கருவிகளும் இதே இயற்பியலைத்தான் பயன்படுத்துகின்றன. அந்த ஒளியை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதே இங்கே கேள்வி.

உடனொளிர்வு என்றால் என்ன

சில பொருள்கள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கிக்கொண்டு கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருகின்றன. இதுவே உடனொளிர்வு. கடையில் ரூபாய் நோட்டை ஊதா விளக்கின் கீழ் காட்டும்போது அதன் எண்களும் பாதுகாப்பு இழையும் பளிச்சிடுவது இதனால்தான். சலவைத்தூளில் துவைத்த வெள்ளை வேட்டி அந்த விளக்கின் கீழ் நீலம் பாய்ந்து மின்னுவதும் இதனால்தான்.

நடப்பது இது. மூலக்கூறில் உள்ள எலெக்ட்ரான் ஒன்று புற ஊதா ஒளியின் ஆற்றலை விழுங்கி மேல்நிலைக்குத் தாவுகிறது. அங்கே சற்று அதிர்ந்து, ஆற்றலில் ஒரு பங்கை வெப்பமாக இழக்கிறது. மீதியை ஒளியாக விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கு இறங்குகிறது. வாங்கியதைவிடக் குறைந்த ஆற்றலையே திருப்பித் தருவதால், வரும் ஒளியின் அலைநீளம் கூடுகிறது. உள்ளே போனது 365 நானோமீட்டர் புற ஊதா என்றால், வெளியே வருவது 450 நானோமீட்டர் நீலமாகவோ 550 நானோமீட்டர் பச்சை மஞ்சளாகவோ இருக்கும். 1852-இல் இதை விளக்கிய ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், ஃபுளூரைட் என்ற கனிமத்தின் பெயரிலிருந்தே இந்த நிகழ்வுக்கு ஆங்கிலப் பெயர் வைத்தார். அலைநீளம் கூடும் இந்த இடைவெளிக்கு இன்றும் ஸ்டோக்ஸ் பெயர்ச்சி என்றே பெயர்.

‘உடன்’ என்ற முன்னொட்டு சும்மா வைத்ததல்ல. கச்சா எண்ணெயில் இந்த வாங்கலும் கொடுத்தலும் சில நானோநொடிகளில் முடிந்துவிடும். விளக்கை அணைத்த கணத்தில் ஒளியும் போய்விடும். இருட்டில் நெடுநேரம் மினுங்கும் கடிகார முள் வேறு வகை.

எண்ணெய் ஒளிர்கிறது, தண்ணீர் ஏன் ஒளிர்வதில்லை

கச்சா எண்ணெய் ஒரே பொருள் அல்ல. ஆயிரக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் கரி அணுக்கள் நேர்ச்சங்கிலியாகக் கோத்திருக்கும் பாரஃபின்கள் உண்டு. பென்சீன், நாஃப்தலீன், ஆந்த்ரசீன் போல அறுகோண வளையங்களாகச் சேர்ந்த அரோமாட்டிக் சேர்மங்களும் உண்டு. வளையத்தில் சில எலெக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் கட்டுப்படாமல் வளையம் முழுவதும் உலவுகின்றன. புற ஊதாவை வாங்கி ஒளியாகத் தருபவை இவைதான். சங்கிலி மூலக்கூறுகளில் அப்படி உலவும் எலெக்ட்ரான் இல்லை. அவை இந்த விளக்குக்கு அசைந்து கொடுப்பதில்லை.

இதிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன.

1. தண்ணீரில் வளையம் இல்லை. ஆகவே பாறையில் ஊறிய உப்புநீர் இருட்டாகவே இருக்கும்.
2. மீத்தேன், ஈத்தேன் முதலிய வாயுக்களிலும் வளையம் இல்லை. அவையும் இருட்டுதான்.
3. ஆகவே கிணற்றில் உள்ள மூன்று திரவப் பொருள்களில் (வாயுவையும் பாய்மம் என்ற பொருளில் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்) எண்ணெய் ஒன்றுதான் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது விளைவு பலருக்கு மறந்துபோகிறது. 2025 செப்டம்பரில் அந்தமான் கடலில் ஸ்ரீ விஜயபுரம்-2 கிணற்றில் இயற்கை எரிவாயு இருப்பதாக அறிவிக்கப்பட்டது. மாதிரியில் மீத்தேன் 87 சதவீதம் என்றார்கள். அத்தகைய வாயுவுக்கு ஒளிர்வுப் பெட்டியால் பயன் இல்லை. வாயுவைக் கண்டுபிடிப்பது, துளையிடும்போது கிணற்றில் ஓடவிடும் சேற்றோடு மேலே வரும் வாயுவை அளக்கும் குரோமட்டோகிராஃப் என்ற கருவியின் வேலை. ‘ஒளிர்வு இல்லை’ என்பதை ‘ஒன்றுமில்லை’ என்று படிப்பது முதல் பிழை.

நிறம் சொல்லும் கதை

வீணைத் தந்தியின் நீளம் கூடினால் சுருதி இறங்கும். எலெக்ட்ரான் உலவும் வளையப் பரப்பு கூடினாலும் அப்படித்தான். தாவுவதற்கான இடைவெளி சுருங்கி, வெளிவரும் ஒளி நீலத்திலிருந்து மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இறங்குகிறது. ஒன்றிரண்டு வளையங்கள் கொண்ட இலேசான எண்ணெய் நீலமாகவும், பல வளையங்கள் ஒட்டிய கனமான எண்ணெய் ஆரஞ்சாகவும் பழுப்பாகவும் தெரிவதற்குக் காரணம் இதுவே.

எண்ணெயின் கனத்தைத் தொழிலில் ஏ.பி.ஐ. பாகையில் சொல்வார்கள். 141.5-ஐ ஒப்படர்த்தியால் வகுத்து 131.5-ஐக் கழித்தால் கிடைக்கும் எண் அது. தண்ணீருக்கு 10. ஒப்படர்த்தி 0.85 உள்ள எண்ணெய்க்கு ஏறத்தாழ 35. எண் கூடினால் எண்ணெய் இலேசு என்று பொருள். துகளைப் பார்ப்பவர்களின் கையேடுகளில் வழக்கமாக உள்ள பட்டியல் இது:

1. 15-க்குக் கீழ்: பழுப்பு.
2. 15 முதல் 25 வரை: ஆரஞ்சு.
3. 25 முதல் 35 வரை: மஞ்சள் தொடங்கிப் பாலேட்டு நிறம் வரை.
4. 35 முதல் 45 வரை: வெள்ளை.
5. 45-க்கு மேல்: நீலம் கலந்த வெள்ளை, ஊதா.

பட்டியல் சுத்தமாக இருக்கிறது, எண்ணெய் அப்படி இருப்பதில்லை. ஒரே ஏ.பி.ஐ. கொண்ட இரண்டு எண்ணெய்களில் அரோமாட்டிக் பங்கு வேறாக இருந்தால் நிறமும் வேறாகும். பார்ப்பவர் கண்ணும் ஒன்றல்ல. இரவுப் பணியில் இருந்தவர் ‘வெளிர் மஞ்சள்’ என்று எழுதியதைப் பகல் பணிக்கு வந்தவர் ‘பாலேடு’ என்று எழுதுவார். ஆகவே இந்தப் பட்டியலை எடைக்கல்லாக எடுத்துக்கொள்ளாமல் கைமதிப்பாக எடுத்துக்கொள்வதே சரி.

இன்னும் ஒரு சிக்கல் உண்டு. அது முக்கியமானது. மூலக்கூறுகள் நெருக்கியடித்து நிற்கும்போது, ஒன்று வாங்கிய ஆற்றலைப் பக்கத்தில் உள்ளது தட்டிப் பறித்துக்கொள்கிறது. ஒளியாக வரவேண்டியது வெப்பமாகப் போய்விடுகிறது. இதை ஒளிர்வுத் தணிப்பு என்று சொல்லலாம். கனமான எண்ணெயில் ஒளிரக்கூடிய வளையங்கள் அதிகம். ஆனால் அந்தக் கூட்டமே ஒளியை அமுக்கிவிடும். எண்ணெய் தானே கரும்பழுப்பாக இருப்பதால் வந்த சொற்ப ஒளியையும் விழுங்கிவிடும். அதனால்தான் தார் போன்ற எண்ணெய் நிறைந்த பாறை மங்கலாகவும், இலேசான எண்ணெய் கொஞ்சமே பட்ட பாறை பளிச்சென்றும் தெரியலாம். பளபளப்பைப் பார்த்து எண்ணெயின் அளவைச் சொல்லக்கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ரிக்கில் நடப்பது

துரப்பண முனை பாறையை நொறுக்கும்போது, குழாய் வழியே கீழே அனுப்பப்படும் சேறு அந்தத் துகள்களை அள்ளிக்கொண்டு குழாய்க்கும் கிணற்றுச் சுவருக்கும் நடுவே மேலே ஏறுகிறது. துகளைக் களத்தில் கட்டிங்ஸ் என்பார்கள். அதைச் சோதித்துப் பதிவு செய்பவர் மட் லாகர்.

துகள் மேலே வர நேரம் எடுக்கும். 3,000 மீட்டர் ஆழம், 8½ அங்குலத் துளை, 5 அங்குலக் குழாய் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளியின் கொள்ளளவு சுமார் 72 கனமீட்டர். நிமிடத்துக்கு 2,000 லிட்டர் சேறு ஓடினால் அடியில் நொறுங்கிய துகள் மேலே வர ஏறத்தாழ 36 நிமிடம் ஆகும். அதற்குள் முனை இன்னும் ஆழத்துக்குப் போயிருக்கும். இந்தத் தாமதத்தைக் கணக்கிடாமல் எடுத்த மாதிரி, ஒரு பாறையின் எண்ணெயை வேறொரு பாறையின் பெயரில் எழுதிவிடும். சுவரிலிருந்து உதிர்ந்த பழைய துகளும் இதோடு கலந்து வரும். மட் லாகரின் திறமையில் பாதி, எந்தத் துகள் எந்த ஆழத்துக்கு உரியது என்று பிரித்தறிவதில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு செய்வது:

1. ஷேல் ஷேக்கர் என்ற அதிரும் சல்லடையிலிருந்து துகளை எடுத்துச் சேறு போகும்படி மென்மையாகக் கழுவுவது. அழுத்திக் கழுவினால் எண்ணெயும் போய்விடும்.
2. சாதாரண ஒளியில் எண்ணெய்க் கறை தெரிகிறதா, வாசம் வருகிறதா என்று பார்ப்பது.
3. புற ஊதாப் பெட்டிக்குள் வைத்து ஒளிர்வின் நிறத்தையும் செறிவையும், எத்தனை சதவீதத் துகள் ஒளிர்கிறது என்பதையும் குறிப்பது.
4. ஒளிரும் துகளைத் தனியே பொறுக்கி, குழிகள் கொண்ட வெள்ளைத் தட்டில் வைத்துக் கரைப்பான் சில சொட்டு விட்டு மறுபடி விளக்கின் கீழ் பார்ப்பது.

நான்காவதுதான் இந்தச் சோதனையின் உயிர். இதை ‘கட்’ என்பார்கள். கரைப்பான் எண்ணெயைத் துகளின் நுண்துளைகளிலிருந்து இழுத்துக்கொண்டு வரும்போது, துகளிலிருந்து ஒளிரும் இழைகள் புகைபோலச் சுருண்டு கிளம்பும். வேகமாகப் பரவினால் எண்ணெய் இலேசு, பாறை ஊடுவிடும் தன்மை உள்ளது என்று எடுத்துக்கொள்ளலாம். மெதுவாகக் கசிந்தால் எண்ணெய் கனமாக இருக்கலாம், அல்லது துளைகள் ஒன்றோடொன்று சரியாக இணையாமல் இருக்கலாம்.

இதன் தத்துவத்தை வீட்டிலேயே பார்க்கலாம். மஞ்சள்தூளைப் புற ஊதா டார்ச்சில் பார்த்தால் அடக்கமாகத்தான் ஒளிரும். அதில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றுங்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் கரைந்து வெளியே வந்து பச்சை கலந்த மஞ்சளாகப் பொங்கும். நெருக்கம் குறைந்ததும் தணிப்பும் குறைகிறது. மங்கலாக இருந்த கன எண்ணெய் கரைப்பானில் விழுந்ததும் பளிச்சிடுவதும் இப்படித்தான். ஒரு காலத்தில் ரிக்கில் கார்பன் டெட்ராகுளோரைடைப் பயன்படுத்தினார்கள். கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு என்று தெரிந்த பிறகு அது ஒதுக்கப்பட்டது. இன்று ஐசோபுரோப்பனால் போன்ற குறைந்த ஆபத்துள்ளவை இருக்கின்றன.

போலிகள்

பெட்டிக்குள் ஒளிர்வதெல்லாம் எண்ணெய் அல்ல.

கால்சைட், டோலமைட், ஃபுளூரைட் போன்ற கனிமங்கள் தாமாகவே ஒளிரும். சுண்ணாம்புப் பாறையில் துளையிடும்போது துகள் முழுவதும் மினுங்குவது சாதாரணம். இவற்றைப் பிரிக்க எளிய வழி ‘கட்’ சோதனை. கனிமம் கரைப்பானில் கரையாது, இழை கிளம்பாது.

மனிதர் கொண்டுவந்த போலிகள் இதைவிடத் தொந்தரவு. குழாய்களின் திருகில் தடவும் கிரீஸ் நன்றாகவே ஒளிரும், கரைப்பானிலும் கரையும். கட் சோதனையையே ஏமாற்றிவிடும். டீசலை அடிப்படையாகக் கொண்ட சேற்றில் துளையிட்டால் எல்லாத் துகளும் ஒளிரும், விளக்கை அணைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். அரோமாட்டிக் நீக்கிய கனிம எண்ணெயையோ செயற்கை எண்ணெயையோ கொண்டு தயாரித்த சேறு இந்த வகையில் பரவாயில்லை. அதில் வளையச் சேர்மம் குறைவு என்பதால் பாறை எண்ணெயின் ஒளி அதற்கு மேல் தெரிய வாய்ப்புண்டு. எதுவானாலும், கிணற்றில் சேர்த்த ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே விளக்கின் கீழ் பார்த்து வைத்திருப்பதுதான் முறை. பிறகு சந்தேகம் வரும்போது ஒப்பிட ஏதாவது இருக்கவேண்டும் அல்லவா?

எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு. அடியில் அழுத்தத்தில் கரைந்திருந்த வாயு, துகள் மேலே வரவர விரிந்து எண்ணெயைத் துளையிலிருந்து வெளியே தள்ளிவிடும். துரப்பண முனைக்கு முன்னால் பாயும் சேற்று நீரும் எண்ணெயைக் கழுவிவிடும். நல்ல எண்ணெய்ப் பாறை மேலே வரும்போது வெறுங்கையோடு வரலாம்.

கண்ணுக்கு எட்டாத ஒளி

மிக இலேசான எண்ணெயும், வாயுவிலிருந்து திரவமாகப் பிரியும் கண்டன்சேட்டும் வெளியிடும் ஒளியில் பெரும்பகுதி புற ஊதாவிலேயே விழுகிறது. ஒளி இருக்கிறது, பார்க்க நமக்குக் கண் இல்லை. இன்றைய சந்தையில் விலை மதிப்புள்ள இலேசான எண்ணெயைத்தான் பழைய பெட்டி அதிகம் தவறவிடுகிறது என்பது இந்தத் தொழிலின் ஒரு வேடிக்கை.

இந்தக் குறையைத் தீர்க்க 1990களின் தொடக்கத்தில் டெக்ஸகோ நிறுவனம் ஒரு முறையைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட அளவு துகளைக் கரைப்பானில் ஊறவைத்து, 254 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சி, 320 நானோமீட்டர் அளவில் வரும் ஒளியை மின்கருவி அளக்கிறது. மட் லாகரின் ‘வெளிர் மஞ்சள்’ இடத்தில் ஒரு எண் வருகிறது. ஆழத்துக்கு ஆழம் அந்த எண்ணை வரைபடமாக இடலாம். சேற்றிலிருந்து வரும் ஒளியைப் பின்னணியாகக் கழிக்கலாம். எண் எங்கே திடீரென்று ஏறுகிறதோ அங்கே கவனிக்கவேண்டும். எண்ணின் தனி மதிப்பைவிட ஏற்றத்துக்குத்தான் மரியாதை.

கிணற்றின் அடியிலேயே அளப்பது

துகள் சாட்சிக்கு இத்தனை குறைகள் இருக்கும்போது, பாறைக்குள் இருக்கும் திரவத்தையே நேராகப் பார்த்தால் என்ன? அதற்கென வந்தவை கிணற்றுக்குள் கம்பிவடத்தில் இறக்கும் மாதிரிக் கருவிகள். எஸ்.எல்.பி. என்று இப்போது பெயர் மாற்றிக்கொண்ட ஷ்லம்பர்ஜர் நிறுவனத்தின் எம்.டி.டி. இவற்றில் பேர்பெற்றது. கருவி ஒரு குழலைச் சுவரில் அழுத்திப் பதித்து, பாறைத் திரவத்தை உறிஞ்சுகிறது. முதலில் வருவது துரப்பணச் சேற்றின் வடிநீர். அதை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தால் போகப்போகப் பாறையின் சொந்தத் திரவம் வரும். எப்போது சொந்தத் திரவம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? திரவம் போகும் பாதையில் சபையர் கல்லாலான சாளரம் வைத்து அதன் வழியே ஒளி பாய்ச்சுகிறார்கள்.

இந்தச் சாளரத்தில் முதன்மை வேலை செய்வது அகச்சிவப்பு ஒளி. தண்ணீர் 1,450, 1,930 நானோமீட்டர் அளவுகளில் ஒளியை விழுங்குகிறது. எண்ணெயின் கரி-ஹைட்ரஜன் பிணைப்பு 1,725 நானோமீட்டர் அருகே விழுங்குகிறது. இதைக் கொண்டே எண்ணெயா தண்ணீரா என்று பிரித்துவிடலாம். அப்படியானால் ஒளிர்வு எதற்கு?

விடை பனித்துளியில் இருக்கிறது. சில தேக்கங்களில் வாயு, அழுத்தம் குறையும்போது ஒரு கட்டத்தில் திரவத்துளிகளை உதிர்க்கத் தொடங்குகிறது. அழுத்தம் குறைந்தால் திரவம் வாயுவாகும் என்று பள்ளியில் படித்ததற்கு இது நேர் எதிர். இந்த வகைக்குக் கேஸ் கண்டன்சேட் என்று பெயர். 2011-இல் இலங்கையின் மன்னார் படுகையில் கெய்ர்ன் என்ற எண்ணெய் நிறுவனம் துளையிட்டபோது டொராடோ கிணற்றில் வாயு கிடைத்து, அடுத்துப் பாரகூடா கிணற்றிலும் அறிகுறி கிடைத்தது. வாயுவோடு கண்டன்சேட்டும் பேசப்பட்ட இடம் அது. இத்தகைய கிணற்றில் மாதிரி எடுக்கும்போது, உறிஞ்சும் வேகம் அதிகமானால் அழுத்தம் பனிப்புள்ளிக்கு, அதாவது துளிகள் உதிரத் தொடங்கும் அளவுக்கு, கீழே போய்விடும். துளிகள் பாறையிலேயே தங்கிவிட, குடுவைக்குள் வருவது பாதித் திரவத்தை இழந்த வாயு. அந்த மாதிரியை வைத்துப் போடும் கோடிக்கணக்கான ரூபாய்க் கணக்கு எல்லாம் தப்பாகும்.

இங்கேதான் ஒளிர்வு கைகொடுக்கிறது. வாயுவில் கலந்திருந்த கனமான அரோமாட்டிக் மூலக்கூறுகள் முதலில் குடியேறுவது அந்தத் துளிகளில்தான். துளிகள் சாளரத்தில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டதும், அதுவரை அமைதியாக இருந்த ஒளிர்வு அளவி திடீரென்று துள்ளுகிறது. இலேசான வாயுவின் நடுவே மிகச் சிறிய அளவு பனியைக் காட்டிக்கொடுக்க அகச்சிவப்பைவிட இது கூர்மையானது. 2000களில் வந்த கருவிகளில் ஒளிர்வு அளவி தனியாகச் சேர்க்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். அளவி துள்ளியதும் பொறியாளர் உறிஞ்சும் வேகத்தைக் குறைத்து, துளிகள் பிரியாமல் ஒற்றை நிலையில் மாதிரி வரும்வரை காத்திருக்கிறார்.

எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும் உற்பத்திக் கிணற்றிலும் இதே யோசனையைக் கையாளலாம். கண்ணாடி இழையின் நுனியைக் கிணற்றின் ஓட்டத்தில் நீட்டி வைத்தால், நுனியில் மோதும் ஒவ்வொரு குமிழையும் அடையாளம் காணலாம். ஒளிர்ந்தால் எண்ணெய். ஒளிராவிட்டால் தண்ணீரோ வாயுவோ. அந்த இரண்டையும் பிரிக்க, நுனியிலிருந்து திரும்பி வரும் ஒளியை அளக்கிறார்கள். வாயுவின் ஒளிவிலகல் எண் சுமார் 1.1, தண்ணீருடையது 1.33. வாயு பட்டால் ஒளி அதிகம் திரும்பும். ஒளிர்வும் பிரதிபலிப்பும் சேர்ந்து மூன்றையும் பிரித்துவிடுகின்றன. தட்டைக்கிடையாகத் துளைத்த கிணறுகளில் தண்ணீர் கீழாகவும் வாயு மேலாகவும் அடுக்கு பிரிந்து ஓடுவதால், எந்த இடத்திலிருந்து தண்ணீர் புகுகிறது என்று கண்டுபிடிக்க இது உதவும்.

ஆழத்தின் வெப்பம் ஒளிர்வைக் குறைக்கும் என்பதையும், சாளரத்தில் ஒட்டிய பழைய எண்ணெய் புதியதைப்போல நடிக்கும் என்பதையும் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

ஒளி இருக்கிறது, எண்ணெய் வரவில்லை

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

பாறை பஞ்சு போன்றது என்று சொல்வார்கள். இன்னும் பொருத்தமாகச் சொன்னால், எண்ணெய் புரண்ட சட்டி. அதில் எவ்வளவு தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் ஒரு பிசுக்கு மிஞ்சும். நுண்துளைகளில் அகப்பட்ட துளிகளைத் தண்ணீரின் ஓட்டம் அசைக்க முடிவதில்லை. இந்த எஞ்சிய எண்ணெய், விளக்கின் கீழ் ஓடக்கூடிய எண்ணெயைப் போலவே ஒளிரும். கரைப்பானில் அழகாகக் கட் கொடுக்கும். ஆனால் கிணற்றைத் திறந்தால் வருவது தண்ணீர் மட்டும்.

எண்ணெய் முழுவதுமே போன இடத்திலும் ஒளி மிஞ்சலாம். ஆஸ்திரேலியாவின் வடமேற்கே திமோர் கடலில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். குவார்ட்ஸ் மணல்மணியில் விரிசல் விழுந்து மறுபடி ஒட்டும்போது, அருகில் இருந்த எண்ணெய் நுண்ணிய துளியாக உள்ளே சிறைப்படுகிறது. ஆஸ்திரேலிய அரசு ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ., ஒளிர்வு நுண்ணோக்கியின் கீழ் அப்படி எண்ணெய் சிறைப்பட்ட மணிகள் எத்தனை சதவீதம் என்று எண்ணும் முறையை உருவாக்கியது. 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்தப் பாறை ஒருகாலத்தில் எண்ணெய் நிரம்பியிருந்தது என்பது அவர்கள் வைத்த அளவு. இன்று தண்ணீர் மட்டுமே உள்ள பல கிணறுகளில் அந்த அளவு தாண்டியது. ஆஸ்திரேலியக் கண்டத்தட்டு திமோருடன் மோதியபோது பழைய பிளவுகள் மறுபடி அசைந்து, எண்ணெயைத் தேக்கிவைத்திருந்த பாறைப் பொறிக்குள்ளிருந்து அது கசிந்து போயிருக்கிறது. மணிகளுக்குள் சிறைப்பட்டது மட்டும் தங்கிவிட்டது.

ஆகவே ‘அறிகுறி’ என்ற சொல்லைச் செய்தியில் பார்க்கும்போது அது எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்கவேண்டும்:

1. துகளில் ஒளிர்வும் ‘கட்’டும்: எண்ணெய் இங்கே இருக்கிறது, அல்லது இருந்தது.
2. கிணற்றுக்குள் கருவி இறக்கி எடுக்கும் மின்தடை முதலிய பதிவுகள்: உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், எண்ணெய் கடத்தாது. இதிலிருந்து துளையில் எத்தனை சதவீதம் எண்ணெய் என்று கணக்கிடலாம்.
3. அடியிலேயே எடுத்த திரவ மாதிரி: அந்தப் புள்ளியில் எண்ணெய் அசைகிறது.
4. ஓட்டச் சோதனை: ஒரு நாளைக்கு இத்தனை பீப்பாய், இத்தனை அழுத்தத்தில்.

பங்குச் சந்தைக்கான அறிவிப்புகளில் முதல் படியும் நான்காம் படியும் ஒரே உற்சாகத்தோடு எழுதப்படுகின்றன. அது எழுதுபவர்களின் சாமர்த்தியம்.

ஒளிர்வைக் கீழ்ப்படி என்று தள்ளிவிடவும் முடியாது. பாறை நீர் உப்பில்லாமல் இருந்தால் அதுவும் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, மின்தடைப் பதிவு அதை எண்ணெய் என்று சொல்லும். களிமண்ணோ பைரைட் என்ற இரும்புக் கனிமமோ கலந்த பாறையில் எண்ணெய் இருந்தாலும் மின்சாரம் ஓடும், பதிவு தண்ணீர் என்று சொல்லும். இரண்டு இடத்திலும் பதிவைத் திருத்தியது ஒரு கைப்பிடித் துகளும் ஊதா விளக்கும்தான் என்ற அனுபவம் இத்துறையில் நிறைய உண்டு.

மேற்கு டெக்ஸஸ் கதை

அமெரிக்காவின் பெர்மியன் படுகையில் சான் ஆண்ட்ரஸ் என்ற டோலமைட் பாறை அடுக்கு உண்டு. அங்கே பல எண்ணெய் வயல்களில் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையிலான எல்லைக்குக் கீழே துளையிட்டபோதும் துகள் நன்றாகவே ஒளிர்ந்தது, ‘கட்’டும் கொடுத்தது. சோதித்தால் தண்ணீர். பதிவில் எண்ணெய் என்று எழுதியவர் தவறு செய்தார் என்றோ, சேறு கலந்தது என்றோ எண்ணிக்கொள்ள இடமிருந்தது.

விளக்கம் நிலவியலில் இருந்தது. வெகுகாலத்துக்கு முன் அந்த எண்ணெய் ஆழமாகத் தேங்கியிருந்தது. பிறகு மேற்கே நிலம் உயர்ந்து, அங்கே பெய்த மழைநீர் பாறை அடுக்குக்குள் புகுந்து கிழக்கே ஓடத் தொடங்கியது. எண்ணெய்த் தேக்கத்தின் அடிப்பகுதியை இயற்கையே தண்ணீர் விட்டுக் கழுவியது. ஓடக்கூடியது ஓடிவிட, துளைகளில் 20 முதல் 40 சதவீதம் வரை அசையாத எண்ணெய் மிஞ்சியது. விளக்கு காட்டிக்கொண்டிருந்தது இதைத்தான். விளக்கும் பொய் சொல்லவில்லை, ஓட்டச் சோதனையும் பொய் சொல்லவில்லை.

தண்ணீருக்கு அசையாதது கரைப்பானுக்கு அசையும். பெயிண்ட் ஏறிய தூரிகையைத் தண்ணீரில் அலசிப் பயனில்லை, டர்பன்டைனில் போடவேண்டும். உயர் அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு எண்ணெயில் கலந்து அதை உப்பச் செய்து இளக்கிவிடுகிறது. டெக்ஸஸின் கெயின்ஸ் மாவட்டத்தில் உள்ள செமினோல் வயலில் 1983 முதலே வழக்கமான எண்ணெய் அடுக்கில் இந்த வாயுவைச் செலுத்தி வந்தார்கள். 1996-இல் கிணறுகள் சிலவற்றை எல்லைக்குக் கீழே ஆழப்படுத்தி, தண்ணீர் மட்டுமே தரும் என்று விடப்பட்டிருந்த பகுதியிலும் அதைச் செலுத்திப் பார்த்தார்கள். எண்ணெய் வந்தது.